பெற்றோர் சம்மதம் கேட்டு நான் எழுதிக் கொடுத்த மகஜர்

கேள்வி: பாபநாசம் வட்டத்திலிருந்து ஒரு வாசகர், 2025 ஜூலை 6

காதல் திருமணத்தைப் பதிவு செய்யப் பெற்றோர் கையெழுத்தைக் கட்டாயமாக்கிச் சட்டம் கொண்டுவர வேண்டும் என்று எங்கள் சங்கம் மாநாட்டில் தீர்மானம் நிறைவேற்றிச் சட்டமன்ற உறுப்பினரிடம் மனுவும் கொடுத்திருக்கிறது. விவசாயிகள் தண்ணீர் கேட்டு மனுக் கொடுப்பதைப் போன்றதுதான் இதுவும். இருபது வருடம் வளர்த்து ஆளாக்கியவர்களுக்கு ஒரு கையெழுத்துப் போடும் உரிமை கூடவா இல்லை? இதைப் பிற்போக்கு என்பவர்கள் காரணம் சொல்லட்டும்.

2025 ஜூலை 6, இரவு

மனுக் கொடுப்பது தவறென்று நான் சொல்ல மாட்டேன், ஐயா. முப்பது வருடத்துக்கு மேல் பத்திர எழுத்தராக இருந்து, மனுவும் கிரயப் பத்திரமும் எழுதியே பிள்ளைகளைப் படிக்க வைத்தவன் நான். சங்கம் வைத்திருப்பவர்களுக்கு அரசிடம் கோரிக்கை வைக்க எல்லா உரிமையும் உண்டு. ஆனால் தண்ணீரோடு தாங்கள் ஒப்பிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. விவசாயி தன் வயலுக்குத் தண்ணீர் கேட்கிறார். தங்கள் தீர்மானமோ இன்னொருவர் வாழ்க்கையின் குறுக்கே ஒரு மதகைக் கட்டச் சொல்லி, அதன் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

பதினெட்டு வயது நிறைந்த பெண்ணும் இருபத்தொரு வயது நிறைந்த ஆணும் மணம் செய்துகொள்ளக் குடும்பத்தின் சம்மதமோ சமூகத்தின் சம்மதமோ தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் மாதத்தில், சக்தி வாகினி வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. பெற்றோர் சம்மதம் என்பது நம் திருமணச் சட்டத்தில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

2025 ஜூலை 9

மேலே கடைசியாக எழுதிய வாக்கியம் பிழையானது. நேற்று என் பழைய சட்டப் புத்தகத்தை எடுத்துப் பார்த்த பிறகு திருத்துகிறேன்.

1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் முதலில் இயற்றப்பட்டபோது மணமகளுக்குக் குறைந்தபட்ச வயது 15, மணமகனுக்கு 18. மணமகள் பதினெட்டு நிறையாதவளாக இருந்தால் பாதுகாவலரின் சம்மதம் வேண்டும் என்று ஐந்தாம் பிரிவில் ஒரு நிபந்தனை இருந்தது. அந்தப் பாதுகாவலர் யார் யார் என்பதை ஆறாம் பிரிவு வரிசைப்படுத்தியது. 1978இல் பெண்ணின் வயது 18 ஆகவும் ஆணின் வயது 21 ஆகவும் உயர்த்தப்பட்டபோது இவை இரண்டும் நீக்கப்பட்டன. ஆகவே சம்மதக் கையெழுத்து நம் சட்டத்தில் இருக்கத்தான் செய்தது. அது குழந்தைப் பருவம் தாண்டாத பெண்களுக்காக இருந்தது. அப்படிப்பட்ட மணப்பெண்ணே இனி இருக்கக் கூடாது என்று சட்டம் முடிவு செய்தபோது அதற்கும் வேலை இல்லாமல் போயிற்று. தங்கள் சங்கம் கேட்பது அதே கையெழுத்தைத்தான். கேட்பது மட்டும் இருபத்து மூன்று வயது செவிலியருக்கும் இருபத்தைந்து வயது ஆசிரியைக்கும் சேர்த்து.

அந்த ஆறாம் பிரிவின் வரிசையை நம் பக்கத்து மக்கள் பார்த்திருந்தால் கொதித்திருப்பார்கள். முதலில் தந்தை, அடுத்துத் தாய், பிறகு தந்தைவழித் தாத்தா, பாட்டி, சகோதரர், சிற்றப்பன் பெரியப்பன் என்று இறங்கி, எல்லோருக்கும் கடைசியில்தான் தாய்மாமன் வருகிறார். மாமன் சீர் வந்து இறங்காமல், மாமன் கையால் மாலை விழாமல் இந்த ஆற்றுப்பாசனத்தில் எந்தக் கல்யாணம் நடந்திருக்கிறது? குடும்பத்தைக் காக்கிறோம் என்று சட்டம் எழுதக் கேட்கும்போது யாருடைய குடும்பத்தை மாதிரியாக வைத்து எழுதுவார்கள் என்பதற்கு அந்த வரிசையே சாட்சி.

2025 ஜூலை 13

இதை எழுத வேண்டாம் என்று நான்கு நாள் தள்ளிப் போட்டேன். தாங்கள் கொடுத்திருக்கும் மனுவைப் போன்ற ஒன்றை 2013இல் நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அப்போது எங்கள் சாதிச் சங்கத்தின் பொதுக்குழு ஒரு கல்யாண மண்டபத்தில் கூடியது. மேடையில் பேசியவர்கள் எல்லோரும் நாடகக் காதல் என்ற சொல்லையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். எனக்கு அப்போது வயதுக்கு வந்த ஒரு மகள் இருந்தாள், பயமும் இருந்தது. நல்ல தமிழில் மகஜர் எழுத ஆள் வேண்டும் என்றபோது என் பெயரைச் சொன்னார்கள். நானும் பெருமையோடு ஒப்புக்கொண்டேன். இருபத்தொரு வயதுக்குட்பட்ட பெண்ணின் திருமணத்தைப் பதிய இரு பெற்றோரும் நேரில் வர வேண்டும், பெண்ணின் சொந்த ஊர் அலுவலகத்தில் மட்டுமே பதிய வேண்டும், வெளியூரில் விண்ணப்பித்தால் பெற்றோருக்குப் பதிவுத் தபால் அனுப்ப வேண்டும் என்று மூன்று கோரிக்கைகள். ஒவ்வொன்றையும் பண்போடும் பணிவோடும் எழுதினேன். படித்துக் காட்டியபோது மண்டபத்தில் கைதட்டினார்கள்.

பிறகு அந்த மகஜரோடு சட்டமன்ற உறுப்பினர் வீட்டுக்கும் மாவட்டச் செயலாளர் வீட்டுக்கும் போன குழுவில் நானும் இருந்தேன். அங்கே யாரும் குடும்பப் பண்பாட்டைப் பற்றிப் பேசவில்லை. எந்த ஊரில் எத்தனை தலைக்கட்டு, எந்த வாக்குச்சாவடியில் நம் ஆட்கள் எத்தனை பேர் என்று எழுதிய ஒரு தாள்தான் மகஜருக்கு மேலே வைக்கப்பட்டது.

2025 ஜூலை 14

அந்த மகஜர் என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டமன்றத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. தோற்றுப் போனோம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

2025 ஜூலை 20

தோற்கவில்லை என்பது மூன்று வருடம் கழித்துத் தெரிந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

டெல்டாவில் ஒரு சிறு நகரத்தின் சார்பதிவாளர் அலுவலகம். எதிரே என் மேசை. 2016 சம்பா நடவு சமயத்தில் ஒரு பையனும் பெண்ணும் வந்தார்கள். பையன் கிறித்தவக் குடும்பம், பெண் எங்கள் சாதி. இருவருக்கும் வயது நிறைந்திருந்தது. யாரும் மதம் மாறாமல் மணம் செய்துகொள்ள விரும்பியதால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி அறிவிப்புக் கொடுத்தார்கள். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தது நான்தான். அந்தச் சட்டப்படி அறிவிப்பை அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும் இடத்தில் ஒட்ட வேண்டும். அதைப் பதிந்து வைக்கும் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கட்டணமில்லாமல் பார்க்கலாம். முப்பது நாள் வரை ஆட்சேபம் தெரிவிக்கலாம்.

இரண்டாம் நாளே சங்கத்து இளைஞர் ஒருவர் வந்து அந்தப் பலகையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போனார். வாரம் ஒரு முறை வந்து பலகையைப் பார்த்துவிட்டுப் போவது அவருக்குச் சங்கம் கொடுத்திருந்த வேலை என்று பிறகு அறிந்தேன். ஐந்தாம் நாள் பெண்ணின் தகப்பனார் வந்தார். அலுவலகத்தில் இருந்தவர்களிடம் ஒரு நகலைக் காட்டி, சட்டம் வரப் போகிறது, எம்.எல்.ஏ.வே வாங்கிக்கொண்டார், நீங்கள் எப்படி எங்களைக் கேட்காமல் பதிவீர்கள் என்று சத்தம் போட்டார். அந்த நகல் நான் எழுதிய மகஜர். என் வாக்கியங்கள். பண்போடும் பணிவோடும்.

பெற்றோர் வந்தால்தான் மேற்கொண்டு பார்க்க முடியும் என்று அன்று அங்கே வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்கள். எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று பையன் கேட்டதற்குப் பதில் இல்லை. அடுத்த வாரம் அந்தப் பெண்ணை ஒரு காரில் ஏற்றி வேறு மாவட்டத்தில் உள்ள உறவினர் வீட்டுக்குக் கொண்டு போய்விட்டார்கள். முப்பத்தோராம் நாள் அந்தப் பையன் தனியாக வந்து, என் மேசைக்கு எதிரே இருந்த பெஞ்சில் அலுவலகம் மூடும் வரை உட்கார்ந்திருந்தான். நான் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். அவன் குடிக்கவில்லை. மகஜர் எழுதியவன் நான் என்று அவனிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அதே வருடம் மார்ச்சில்தான் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், சாதி மாறி மணந்த சங்கர் என்ற இளைஞரின் கொலை நடந்திருந்தது. என்னிடம் வந்த அந்தப் பெண் உயிரோடு இருக்கிறாள் என்பதைத் தவிர அவளைப் பற்றி வேறெதையும் இங்கே எழுத மாட்டேன்.

2025 ஜூலை 22

மேலே எழுதியதில் ஒரு தெளிவு தேவை. முப்பது நாள் அறிவிப்பு சிறப்புத் திருமணச் சட்டத்துக்கு மட்டுமே உரியது. இருவரும் இந்துக்களாக இருந்தால், சாதி வேறானாலும், இந்து திருமணச் சட்டத்தில் அப்படி ஓர் அறிவிப்பே கிடையாது. அறிவிப்புக்கு வரும் ஆட்சேபமும் வயது, முந்தைய திருமணம், மனநிலை, விலக்கப்பட்ட உறவு ஆகிய காரணங்களுக்காக மட்டுமே இருக்க முடியும். எங்களுக்குப் பிடிக்கவில்லை என்பது அந்தக் காரணங்களில் இல்லை. ஆட்சேபிக்கத் தேவையே இல்லாமல், பெயரும் முகவரியும் கிடைப்பதே போதுமானதாகிவிடுகிறது என்பதுதான் விஷயம்.

கேரள அரசு 2020 ஜூலையில் இந்த அறிவிப்புகளை இணையதளத்தில் வெளியிடுவதை நிறுத்தியது. அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில், மணமக்கள் விரும்பினால் மட்டும் அறிவிப்பை வெளியிட்டால் போதும் என்றது. அந்தத் தீர்ப்பு நம் மாநிலத்து அலுவலகங்களைக் கட்டுப்படுத்தாது.

சங்கங்கள் கேட்கும் சட்டம் நிறைவேறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பது போதாது என்று இதனால்தான் சொல்கிறேன். குஜராத்தில் பாட்டிதார் சாதி அமைப்புகள் இதே பெற்றோர் சம்மதத்தைக் கேட்டன. 2023 ஜூலையில் மெஹ்சானாவில் அவர்களுடைய நிகழ்ச்சியிலேயே முதலமைச்சர் பூபேந்திர படேல், அரசியல் சட்டத்துக்கு உட்பட்டு அதைப் பரிசீலிப்பதாகச் சொன்னார். மேடையில் இருப்பவர் பரிசீலிக்கிறேன் என்றதும், பதிவு அலுவலகக் கவுன்ட்டரில் இருப்பவர் எதற்கு வம்பு என்று அப்பாவைக் கூட்டி வரச் சொல்லிவிடுகிறார்.

2025 ஆகஸ்ட் 3

இன்று ஆடிப்பெருக்கு. காவேரிக் கரைக்கு என் மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். படித்துறை முழுக்கப் புதுத் தாலிக்கயிறு மாற்றும் பெண்கள், கல்யாண மாலையை ஆற்றில் விட வந்த புது ஜோடிகள், காதோலை கருகமணியோடு கிழவிகள். இந்தக் காட்சி எனக்கு உயிர். குடும்பம் வேண்டாம் என்பவன் நான் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நம் பண்பாட்டைச் சட்டமாக்க வேண்டும் என்கிறார்கள். எந்தப் பண்பாட்டை? நான் என் மாமன் மகளை மணந்தவன். என் அத்தை அவருடைய சொந்தத் தாய்மாமனையே மணந்தவர். 2014இல் யாத்திரையாகக் குருட்சேத்திரம் போனபோது, ரயிலில் எதிரே இருந்த ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னேன். மனிதர் அதன் பிறகு என்னோடு பேசவே இல்லை. அவர்கள் வழக்கத்தில் அது உடன்பிறந்தவளை மணப்பதற்குச் சமம். அதே குருட்சேத்திரத்தில்தான் 2010இல் காப் எனப்படும் அந்தப் பக்கத்துச் சாதிப் பஞ்சாயத்துகள் கூடி, ஒரே கோத்திரத்தில் திருமணம் செய்வதைத் தடுக்க இந்து திருமணச் சட்டத்தைத் திருத்தச் சொல்லித் தீர்மானம் போட்டன. ஒரே கோத்திரத் திருமணம் செல்லும் என்று 1946லேயே தனிச் சட்டம் வந்துவிட்ட பிறகும் அவர்கள் கேட்டார்கள். விலக்கப்பட்ட உறவுகளுக்குள்ளும் வழக்கம் அனுமதித்தால் மணம் செய்யலாம் என்று 1955ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு விலக்கு வைத்திருக்கிறது. அக்காள் மகளைக் கட்டிய நம் வீட்டு ஆண்கள் எல்லோரும் சட்டப்படி கணவர்களாக இருப்பது அந்த விலக்கால்தான். பெரும்பான்மை வழக்கம் எதுவோ அதையே சட்டமாக்கு என்று அமைப்புகள் கேட்கத் தொடங்கி, அரசும் அதற்குச் செவிசாய்க்கத் தொடங்கினால், முதலில் அழியப் போவது நம் முறைமாமன் உரிமையாகக் கூட இருக்கலாம்.

2025 ஆகஸ்ட் 4

நெருங்கிய உறவில் மணம் செய்வதால் பிள்ளைகளுக்கு வரும் நோய்களைப் பற்றி ஒரு மருத்துவர் எழுதியிருக்கிறார். அவர் சொல்வது சரி. என் பிள்ளைகளுக்கு நான் உறவில் பார்க்கவில்லை. நேற்று நான் சொன்னது சட்டத்தைப் பற்றி மட்டும்.

2025 ஆகஸ்ட் 17

என் அப்பாயிக்குக் கல்யாணம் ஆனபோது ஒன்பது வயது. 1930 மாசியில் அவசர அவசரமாக நடந்தது என்று சொல்வார். ஏன் அவசரம் என்பது அவருக்குத் தெரியாது. குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் சார்தா சட்டம் 1929இல் நிறைவேறி, 1930 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வர இருந்தது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18. அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று நாடெங்கும் குழந்தைக் கல்யாணங்கள் குவிந்தன. சென்னை மாகாணத்திலிருந்து மத்திய சட்டசபைக்குப் போயிருந்த எம்.கே. ஆச்சாரியா போன்றவர்கள் சாஸ்திரத்தைக் காட்டி அந்த மசோதாவைக் கடைசி வரை எதிர்த்தார்கள். குடும்பம் குலைந்துவிடும் என்பதுதான் அன்றைக்கும் வாதம். அப்பாயி எட்டுப் பிள்ளை பெற்று மூன்றைப் பறிகொடுத்தார். தன் பேத்திகளில் ஒருத்திக்குக் கூட இருபதுக்கு முன் கல்யாணம் பேச விட்டதில்லை.

அவருடைய மூத்த மகன், என் பெரியப்பா, 1959இல் மன்னார்குடிப் பக்கம் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர். 1953இலேயே சென்னை உயர் நீதிமன்றம், சடங்கில்லாத அப்படிப்பட்ட திருமணம் சட்டப்படி செல்லாது என்று சொல்லியிருந்தது. பெரியப்பாவுக்கு அது தெரியும். கல்யாணமான மறு மாதமே தன் பங்கு நிலத்தைப் பெரியம்மாவுக்குத் தான செட்டில்மென்ட் எழுதி வைத்தார். அந்தப் பத்திரம் இன்னும் என்னிடம் இருக்கிறது. தாலி கட்டிய மனைவிக்கு, நாளைக்கு யாராவது நீ மனைவியே இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து எழுதிய பத்திரம். அண்ணா முதலமைச்சரானதும் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு சேர்க்கப்பட்டு, 1968 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்றாயிற்று. இளவரசன் வழக்கில் 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், அப்படிப்பட்ட திருமணத்துக்கு ஊரறிய அறிவிப்பது கட்டாயமில்லை என்று மேலும் தெளிவாக்கியது. பெரியம்மா அந்த 1968ஆம் வருடப் பொங்கலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் குரல் தழுதழுக்கும்.

2025 செப்டம்பர் 5

தாலிக்குத் தங்கம் கொடுத்துக்கொண்டிருந்த திட்டத்தை நிறுத்திவிட்டார்களே, அது மட்டும் குடும்பத்துக்கு எதிரானதில்லையா என்று பாபநாசத்து ஐயா கேட்கிறார். நியாயமான கேள்வி. மயிலாடுதுறை பக்கம் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989இல் தொடங்கிய திருமண உதவித் திட்டம் அது. எட்டாம் வகுப்பாவது படித்திருந்தால்தான் பணம் என்று வைத்ததால் பெண்கள் பள்ளியில் நின்றார்கள். 2022 செப்டம்பர் 5 முதல் அதைப் புதுமைப் பெண் திட்டமாக மாற்றி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கிறார்கள். மாற்றியபோது நானும் வருத்தப்பட்டேன். எங்கள் தெருவில் அந்தத் தங்கத்தை நம்பியிருந்த குடும்பங்களை நான் அறிவேன்.

இப்போது வேறாகத் தோன்றுகிறது. முன்பு பணம் கல்யாணத்தன்று வந்தது, இப்போது கல்லூரிக்குப் போகும் மாதந்தோறும் அவள் பெயரிலுள்ள கணக்குக்கு வருகிறது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடி ஊர்ப் பெரிய மனிதர்களின் பகையை வாங்கிக்கொண்ட அந்த அம்மையாருக்கு இரண்டாவதே பிடித்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

2025 செப்டம்பர் 6

ஐயா நேற்று இரவு எழுதியதைப் பல முறை படித்தேன். தன் தங்கை மகள் ஓடிப்போய் மணந்து, கைக்குழந்தையோடு கைவிடப்பட்டுத் திரும்பி வந்ததைச் சொல்லியிருக்கிறார். அவருடைய மனுவுக்குப் பின்னால் இருப்பது சாதி வெறி அன்று, இந்தப் பயம் என்கிறார். நம்புகிறேன். 2013இல் என்னிடம் இருந்ததும் இந்தப் பயம்தான்.

ஆனால், ஐயா, அந்தப் பெண் கையில் பதிவுச் சான்று இருந்ததா? இருந்திருக்காது என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டில் 2009 நவம்பர் முதல் எந்த மதத்துத் திருமணமானாலும் பதிவு கட்டாயம். 90 நாளுக்குள், தாமதக் கட்டணத்தோடு 150 நாளுக்குள் பதியலாம். அந்தச் சான்று இருந்தால் ஜீவனாம்சத்துக்கும் குழந்தையின் உரிமைக்கும் அவள் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. பெற்றோர் வந்தால்தான் பதிவோம் என்று விரட்டிவிட்டால் பிள்ளைகள் காதலை விட்டுவிடுவதில்லை. ஏதோ ஒரு கோயில் வாசலில் தாலி கட்டிக்கொண்டு, ஒரு புகைப்படத்தை மட்டும் வைத்துக்கொண்டு திருப்பூருக்குப் பஸ் ஏறிவிடுகிறார்கள். என் மேசைக்கு எதிரே அழுத பெண்களில் பெரும்பாலோர் சம்மதமில்லாமல் மணந்தவர்கள் என்பதை விட, சான்றில்லாமல் மணந்தவர்கள் என்பதே சரி. வீட்டார் பார்த்துச் செய்து வைத்துக் கைவிடப்பட்டவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள்.

தங்கை மகளுக்கு இப்போதும் செய்யக் கூடியது இருக்கிறது. குழந்தையின் பிறப்புச் சான்று, மருத்துவமனைச் சீட்டு, வாடகை வீட்டு ரசீது எதுவானாலும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்குக் கட்டணமில்லாமல் வழக்கறிஞர் தருவார்கள்.

2025 அக்டோபர் 18

குறுவை நெல் கொள்முதல் நிலைய வாசலில் மழையில் கிடக்கிறது. ஒரு மாதமாக இங்கே எழுத முடியவில்லை.

சாதி ஆணவக் கொலைகளைத் தடுக்கத் தனிச் சட்டம் இயற்றுவதற்குப் பரிந்துரை செய்ய, ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று முதலமைச்சர் நேற்று சட்டமன்றத்தில் அறிவித்திருக்கிறார். விருத்தாசலம் பக்கத்தில் 2003இல் ஒரு ஜோடியை நஞ்சு கொடுத்துக் கொன்ற வழக்கில் ஆயுள் தண்டனைகள் உச்ச நீதிமன்றத்தில் உறுதியாக 2025 ஏப்ரல் வரை ஆயிற்று. இருபத்திரண்டு வருடம்.

அந்த ஆணையத்துக்கு ஒரு மனு எழுதத் தொடங்கியிருக்கிறேன். கொலைக்குப் பின் தண்டனை என்ன என்பதைப் பெரிய வழக்கறிஞர்கள் எழுதுவார்கள். நான் எழுதப் போவது பதிவு அலுவலகக் கவுன்ட்டரைப் பற்றி. சிறப்புத் திருமண அறிவிப்பைப் பலகையில் ஒட்டுவதை நிறுத்த வழி காண வேண்டும். திருமணப் பதிவுக்கு என்னென்ன ஆவணம் கேட்கலாம், என்னென்ன கேட்கக் கூடாது என்று ஒவ்வோர் அலுவலகத்திலும் தமிழில் எழுதி வைக்க வேண்டும். விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும், வாய்மொழி கூடாது. இதிலும் மூன்று கோரிக்கைகள்தான்.

2013ஆம் ஆண்டு மகஜரின் நகலையும், அதை எழுதியவன் நான் என்ற குறிப்போடு இணைக்கிறேன். ஐயா, தங்கள் சங்கத்துத் தீர்மானத்தின் நகல் ஒன்றை எனக்கு அனுப்பி வையுங்கள். தங்கள் தங்கை மகள் சம்மதித்தால், அவருக்கு நேர்ந்ததைப் பெயர் இல்லாமல் அவர் வாயாலேயே சொல்லி எழுதி அனுப்பட்டும். எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துத் தைத்து அனுப்பிவிடுகிறேன்.